உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்: அறிவுசார் குறைபாடும் உடல்தகுதியும்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் மருத்துவரிடமும் சிறப்பாசிரியரிடமும் கேட்கும் கேள்விகளில் முதலில் நிற்பது பேச்சு. அதற்கடுத்து படிப்பு, கழிப்பறைப் பழக்கம், பிடிவாதம் என்று வரிசை நீளும். பிள்ளையால் மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா, நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நிற்கும் அரசுப் பேருந்தின் முதல் படியில் யாரும் தூக்கிவிடாமல் ஏற முடிகிறதா என்பவை அந்த வரிசையில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும்போது வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்குமா, இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில் இவற்றின் பங்கு மிகப் பெரியது. அறுபதைத் தொட்ட ஒரு தாய், 80 கிலோ எடையுள்ள மகனைக் குளிப்பாட்டி, எழுப்பி, உட்கார வைக்க வேண்டிய நிலை வரும்போதுதான் இது பல குடும்பங்களுக்குத் தெரிய வருகிறது. அப்போது அதைச் சரிசெய்வது கடினம்.

நுண்ணறிவு ஈவு (IQ) ஏறக்குறைய 70-க்குக் கீழே இருப்பது, அன்றாட வாழ்வுக்கு வேண்டிய நடைமுறைத் திறன்களில் தெளிவான பின்னடைவு இருப்பது, இவை வளரும் பருவத்திலேயே தொடங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அறிவுசார் குறைபாடு என்று வரையறுக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் இந்தப் பிரிவில் பதிவானார்கள். உடல்தகுதி என்பது இதயமும் நுரையீரலும் நீண்ட உழைப்பைத் தாங்குவது, தசைகளின் வலு, அந்த வலு சோர்ந்துவிடாமல் நீடிப்பது, மூட்டுகளின் நெகிழ்வு, உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பின் அளவு ஆகியவற்றின் தொகுப்பு. இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை சமநிலையையும் கைகால் ஒருங்கிணைவையும் இவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பல நாடுகளில் பல ஆண்டுகளாக நடந்த அளவீடுகள் ஒரே முடிவைத்தான் தந்திருக்கின்றன: இவற்றில் பெரும்பாலானவற்றில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் தம் வயதொத்த மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள், வயது ஏற ஏற அந்த இடைவெளியும் கூடிக்கொண்டே போகிறது.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. மூளை வளர்ச்சி குறைந்தால் உடலும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் டொரண்டோவில் இந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஃபிராங்க் ஹேடன் என்ற ஆய்வாளர், அவர்களுடைய உடல்தகுதி மற்றப் பிள்ளைகளுடையதில் ஏறக்குறைய பாதியளவே இருப்பதைக் கண்டார். அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. முறையான பயிற்சி கிடைத்தபோது அதே பிள்ளைகளின் வலுவும் தாங்குதிறனும் உயர்ந்ததையும் காட்டினார். குறைவின் பெரும்பகுதி குறைபாட்டிலிருந்து வரவில்லை, அசைவதற்கு வாய்ப்பே இல்லாத வாழ்க்கையிலிருந்துதான் வருகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அமெரிக்காவில் அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் தம் வீட்டு வளாகத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்காகக் கோடைகால முகாம் தொடங்கியிருந்தார். 1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான விளையாட்டுப் போட்டியான சிறப்பு ஒலிம்பிக்ஸ் முதன்முறையாக நடந்தபோது அதன் பின்னணியில் ஹேடனின் ஆய்வும் இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த இந்த முடிவு நம் ஊர் வகுப்பறைகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

உடற்கூறு சார்ந்த காரணங்கள் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. டவுன் சிண்ட்ரோம் (கூடுதலாக ஒரு குரோமோசோம் இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ள பிள்ளைகளுக்குப் பிறப்பிலிருந்தே தசை இறுக்கம் குறைவு, மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்வு. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவும், உறக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பொதுவாகக் காணப்படுபவை. கடுமையாக உழைக்கும்போது அவர்களுடைய நாடித்துடிப்பு மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறுவதில்லை. இதனால், 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிட்டு, அதை அடிப்படையாக வைத்து அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது தவறாகிவிடும். பயிற்சியின் கடுமையை அறிய மூச்சு வேகத்தையும் முகத்தையும் பார்ப்பதே மேல். அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட், நடத்தைச் சிக்கல்களுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. மருந்து தொடங்கிய சில மாதங்களில் பிள்ளை பெருத்துப்போனால் அதைத் தீனிப் பழக்கம் என்று திட்டிவிட்டு விடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது.

ஆனால் இந்தக் காரணங்கள் எதுவுமே இல்லாத, இதயமும் மூட்டும் நன்றாக இருக்கிற பிள்ளைகளும் ஏன் பத்து வயதிலேயே மூச்சு வாங்குகிறார்கள்? அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். காலையில் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். சிறப்புப் பள்ளியில் மணி கோத்தல், நிறம் தீட்டுதல், படம் பொருத்துதல் என்று பெரும்பாலான வேலைகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடக்கின்றன. மாலையில் வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது. பிறகு தொலைக்காட்சி அல்லது கைபேசி. தெருவில் மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் இவன் பார்வையாளன். பந்து பொறுக்கிக் கொடுப்பவனாக இருந்தால் அதுவே அதிகம். விதிகள் புரியவில்லை, மெதுவாக ஓடுகிறான், தோற்க வைத்துவிடுவான் என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கப்பட்டவனுக்கு ஓடும் பழக்கம் வருவதில்லை. பழக்கம் வராததால் இன்னும் மெதுவாகிறான். சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் இதே அளவைப் பரிந்துரைத்தது. மேலே சொன்ன நாளில் அந்த 60 நிமிடம் எங்கும் இல்லை.

குமரி மாவட்டத்திற்கென்று சில தனிச் சிக்கல்களும் இதில் சேர்கின்றன. குளச்சலிலிருந்து தூத்தூர், நீரோடி வரையிலான கடற்கரை ஊர்களில் ஆழ்கடல் தொழிலுக்குப் போகும் தகப்பன்மார் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். உள்நாட்டு ஊர்களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் வீடுகள் நிறைய உண்டு. பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் தாயின் மேலேயே விழுகிறது. பதினான்கு வயதில் தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட, திடீரென்று சாலையை நோக்கி ஓடக்கூடிய மகனைத் தனியாக வெளியே அழைத்துப்போக அந்தத் தாய் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பெண்பிள்ளையென்றால் அச்சம் இரட்டிப்பாகிறது. வீட்டுக்கதவைச் சாத்தி வைப்பது அவர்கள் அன்பின் வெளிப்பாடுதான்; ஆனால் அதன் விலையைப் பிள்ளையின் உடல் கொடுக்கிறது. மழையும் தன் பங்குக்குக் குறுக்கே நிற்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மைதானத்தை மட்டும் நம்பிய பயிற்சித் திட்டம் ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கடி அறுந்துபோகும். பள்ளி வராந்தாவிலும் வீட்டுத் திண்ணையிலும் செய்யக்கூடிய பாதித் திட்டம் ஒன்று கைவசம் இருந்தாக வேண்டும்.

இதே நிலம் தரும் வாய்ப்புகளும் குறைவில்லை. கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு முற்றம் இல்லாவிட்டாலும் மணல் இருக்கிறது. இளகிய மணலில் நடப்பதற்கு, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகிறது. அலை தொடாத மேட்டு மணலில், மாலை வெயில் தாழ்ந்த பிறகு கைபிடித்து நடத்தும் 15 நிமிடம் நல்ல பயிற்சி. குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்களினூடே ஏறி இறங்கும் பாதைகள் தொடைத் தசைகளுக்கு வேண்டியதைச் செய்யும். தென்னந்தோப்புள்ள வீடு என்றால், உரிக்காத தேங்காய்களை ஒவ்வொன்றாகக் குனிந்தெடுத்துக் கடவத்தில் (பெரிய ஓலைக்கூடையில்) கொண்டுபோய்ப் போடும் வேலையைவிட ஒழுங்கான வலுப்பயிற்சியை நான் கற்பனை செய்ய முடியவில்லை. குந்துதல், எழுதல், சுமத்தல், நடத்தல் நான்கும் அதில் இருக்கின்றன. வேலை முடிந்ததும் நிறைந்த கடவம் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

கற்பிக்கும் முறையில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. மற்றப் பிள்ளைகளிடம் "வேகமாக ஓடு" என்றால் போதும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு வேகம், போட்டி, முழு முயற்சி என்பவை கண்ணுக்குத் தெரியாத கருத்துகள். இருபது மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் முடிவுக்கோட்டில் நின்று "மக்களே, ஓடி வா" என்று அழைக்கிறார். பிள்ளை நன்றாகத்தான் ஓடி வருகிறான்; கோட்டுக்கு நான்கைந்து அடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கோட்டின்மேல் வந்து சரியாக நிற்கிறான். கோடு என்றால் நிற்க வேண்டிய இடம் என்று வகுப்பில் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். நேரமானியில் பதிவாவது அவனுடைய கால் வலுவின் அளவு இல்லை, நம் கற்பித்தலின் அளவு. ஆசிரியர் கோட்டைத் தாண்டி ஐந்து மீட்டர் தள்ளி நின்றாலோ, அங்கே கயிற்றில் ஒரு மணியைத் தொங்கவிட்டு ஓடிவந்து அடிக்கச் சொன்னாலோ அதே பிள்ளை கோட்டை முழு வேகத்தில் கடந்துவிடுவான்.

இதனால்தான் இந்தப் பிள்ளைகளை அளக்கும்போது முதல் நாள் எண்களை நம்பக்கூடாது என்கிறார்கள். 6 நிமிட நடையோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதோ, எந்தச் சோதனையானாலும் இரண்டு மூன்று நாள் பழக்கிவிட்டு, செய்து காட்டி, கூடவே ஒருவர் செய்தபடி அளந்தால்தான் பிள்ளையின் உண்மையான திறன் வெளிவரும். நடைச் சோதனையில் துணைக்கு வருபவர் முன்னால் போய் இழுக்காமல், அரையடி பின்னால் நடப்பது நல்லது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அளவு நாடாவும், கைபேசியில் உள்ள கடிகாரமும், ஒரு நோட்டும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே முறையில் அளந்து எழுதி வைத்தால், பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அவனுடைய முந்தைய அளவோடு ஒப்பிடத் தொடங்குவோம்.

பயிற்சி பலன் தருமா என்ற ஐயம் இன்று இருக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் வீதம் சில மாதங்கள் ஒழுங்காக நடந்த பயிற்சிகளில் வலுவும் சமநிலையும் நடைத்திறனும் கூடியதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எடை குறைவது மட்டும் பயிற்சியால் எளிதில் நடப்பதில்லை. அதற்கு உணவும் மாற வேண்டும். எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தவை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் டேல் உல்ரிக்கின் இரண்டு ஆய்வுகள். 2001-இல் வெளியான முதல் ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள கைக்குழந்தைகளைப் பெற்றோர் தாங்கிப் பிடித்து, மெதுவாக ஓடும் சிறிய டிரெட்மில்லின் மேல் நாளுக்கு 8 நிமிடம், வாரம் 5 நாள் வீட்டிலேயே கால் வைக்கப் பழக்கினார்கள். அந்தக் குழந்தைகள் இந்தப் பழக்கம் கிடைக்காத மற்ற டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைவிட ஏறக்குறைய 100 நாள் முன்னதாகவே தனியாக நடந்தன. 2011-இல் வெளியான ஆய்வில், 8 முதல் 15 வயது வரையுள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு 5 நாள் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள்; 56 விழுக்காட்டினர் இருசக்கர சைக்கிளைத் தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றவர்கள் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது உட்கார்ந்தே கழிக்கும் நேரத்தைக் குறைத்திருந்தார்கள், உடற்கொழுப்பும் குறைவாக இருந்தது. ஒரு திறன் கைவந்தால் அது தானே அடுத்த அசைவுக்கு இட்டுச்செல்கிறது. உடற்பயிற்சி என்று தனியாகச் செய்ய வைப்பதைவிட, நீச்சல், சைக்கிள், பந்து பிடித்தல், சிலம்பத்தின் அடிப்படைக் காலடிகள் என்று வாழ்நாள் முழுவதும் கூட வரக்கூடிய ஒன்றைக் கற்றுக்கொடுப்பதே சிறந்த முதலீடு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

எச்சரிக்கைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள மூட்டு தளர்வாக இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை வருவதில்லை. வந்தால் தண்டுவடம் பாதிக்கப்படும் அளவுக்குப் போகலாம். இந்தப் பிள்ளைகளுக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்தல், கால்பந்தைத் தலையால் முட்டுதல் ஆகியவற்றைச் செய்ய வைக்கக் கூடாது. யோகா நாளில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி ஒரே ஆசனத்தைச் செய்ய வைக்கும் பள்ளிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தல், நன்றாக நடந்த பிள்ளை தடுமாறுதல், கையில் புதிதாக வலுக்குறைவு, அடங்கியிருந்த சிறுநீர் மறுபடி அடங்காமல் போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். முன்பு எடுத்த எக்ஸ்ரே சரியாக இருந்தது என்று காத்திருக்கக் கூடாது. வலிப்புள்ள பிள்ளையைக் குளத்திலோ ஆற்றிலோ இறக்குவதானால், கை எட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் அவனுக்கென்றே இருக்க வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்லும்போது மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் யாருக்கும் எதிரி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கவலை வேறு. வகுப்பில் ஒரு செயலைச் சரியாகச் செய்ததும் மிட்டாயோ பிஸ்கட்டோ கொடுத்து ஊக்குவிக்கும் பழக்கம் சிறப்புக் கல்வியில் நெடுங்காலமாக இருக்கிறது. வீட்டில் அழுகையை நிறுத்த ஏத்தங்காய்ச் சிப்ஸ் பொட்டலம், பக்கத்து வீட்டார் இரக்கத்தில் தரும் பழம்பொரி, தேநீர்க் கடையில் கூடுதல் சீனி என்று இது தொடர்கிறது. ஒவ்வொன்றும் சிறிது, நாளின் முடிவில் கூட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு. பரிசு தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கல்விமுறையும் சொல்லவில்லை. ஊஞ்சலில் ஐந்து நிமிடம், பிடித்த பாட்டு, பந்தை எடுத்துவரும் உரிமை, ஆசிரியரின் கையைத் தட்டுதல் இவை எல்லாமே பரிசுகள்தான். இவற்றில் பாதி பிள்ளையை அசையவும் வைக்கின்றன.

அமைப்புகளைப் பற்றிப் பேசினால், இருப்பவை குறைவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்பதை அரசு உறுதிசெய்ய வேண்டிய ஒன்றாக வைக்கிறது. 31-ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சிறப்பு ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு 8 வயதிலிருந்து போட்டிகளில் பங்கேற்க வழி செய்கிறது. உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டி விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன, கோப்பைகள் தரப்படுகின்றன. இவை தேவையானவையே. இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் போட்டியும், மாதத்தில் சில மணி நேரம் கிடைக்கும் பிசியோதெரபியும் உடல்தகுதியை உண்டாக்கிவிடாது. வாரக் கால அட்டவணையில் ஐந்து நாளும் ஒரு பாடவேளையை உடலியக்கத்துக்கு ஒதுக்கி, அதை மற்றப் பாடங்கள் விழுங்கிவிடாமல் காப்பதே பள்ளி செய்யக்கூடிய பெரிய காரியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில் "பத்து வரை எண்ணுவான்" என்ற இலக்குக்குப் பக்கத்தில் "கைப்பிடியைப் பிடித்து இருபது படி ஏறுவான்" என்ற இலக்கும் எழுதப்பட வேண்டும். சாதாரணப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. உடற்கல்வி வேளையில் அவர்களை மரத்தடியில் உட்கார வைத்து மற்றவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் அன்பினால் வந்தது என்றாலும் தவறுதான்.

பதினெட்டு வயதோடு பள்ளி முடிந்துவிடுகிறது. வேன் வருவதில்லை, ஆசிரியர் இல்லை, அட்டவணை இல்லை. பள்ளி வளாகத்துக்குள் மட்டுமே ஓடிப் பழகியவன் அன்றோடு ஓடுவதை நிறுத்திவிடுகிறான். எடை வேகமாக ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பயிற்சியின் ஒரு பகுதியைப் பள்ளிக்கு வெளியே, அவன் வாழப்போகும் ஊருக்குள் கொண்டுபோய்விட வேண்டும். ஆலயத்துக் கால்பந்து மைதானமோ, கோயில் திடலோ, நூலகத்தை ஒட்டிய கைப்பந்துக் களமோ நம் மாவட்டத்தில் இல்லாத ஊர் அரிது. அங்கே ஆடும் இளைஞர்களில் இரண்டு பேர் வாரம் மூன்று மாலை அவனை ஆட்டத்துக்கு முந்தைய ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தால் போதும், முழு ஆட்டத்தில் இடம் தர வேண்டும் என்பதுகூட இல்லை. குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறையைச் சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கம் உலகெங்கும் நடத்திவருவதால் இது சோதித்துப் பார்த்த வழிதான். இதை ஏற்பாடு செய்ய வேண்டியவர் பெற்றோர் மட்டும் என்று விட்டுவிடக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை அந்தக் களத்துக்கு அழைத்துப்போய், அவன் எதை எப்படிச் சொன்னால் செய்வான், எப்போது களைப்பான், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த இரண்டு இளைஞர்களுக்கும் காட்டிக்கொடுப்பது சிறப்பாசிரியரின் பணிநேரத்துக்குள்ளேயே வர வேண்டிய வேலை.